சாந்தாமேரியின் மூன்று நகல்கள்

சாந்தாமேரி கம்ப்யூட்டருக்கு ஸ்விட்சைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவாள். குக்கர் நான்கு விசில் கத்தி, ரசம் நுரை கட்டி இறங்கிய பிறகு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால், திரையில் அப்போதுதான் நீல வானமும் வெள்ளை மேகமும் வந்து நின்றிருக்கும்.

"ஏற்காட்டுல வெளியில பாத்தாலும் மேகம், ஊட்டுக்குள்ள பாத்தாலும் மேகம். இதுக்கு எதுக்குத் தனியா ஒரு பொட்டி?" என்பார் அவள் கணவர் மரியஜோசப். கொட்டச்சேடு பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுபவர். சக்கரம் இல்லாத எந்த இயந்திரத்தின் மீதும் அவருக்குப் பெரிய மதிப்புக் கிடையாது.

ஒண்டிக்கடை முக்குக்கு மேலே, சரிவில் அவர்கள் வீடு. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பியாகிவிட்டது. முன்னறை ஜன்னலோரம் மகளுடைய படிப்பு மேஜை காலியாகக் கிடந்தது. அதன்மேல்தான் கம்ப்யூட்டர் ஏறி உட்கார்ந்தது. எஸ்டேட்டில் இருபத்து மூன்று வருடம் டைப்பிஸ்டாக இருந்தவளை, ஆபீஸையே சேலத்துக்கு மாற்றிய கையோடு கணக்கு முடித்து அனுப்பியபோது, அந்தப் பணத்தில் அவள் வாங்கிய பழைய மெஷின் அது. சேலத்தில் பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து விற்கும் மாரியப்பன் என்பவர் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். ஒரு வாரம் தினமும் மலையேறி வந்து சொல்லியும் கொடுத்தார். எட்டாவது நாளே ஒரு லாட்ஜுக்கு ரூம் வாடகைப் பட்டியல் அடித்துக் கொடுத்துவிட்டாள்.

அதன்பிறகு மூன்று வருடம். பெந்தெகொஸ்தே கூட்ட நோட்டீஸ், நாகலூர் கோயில் திருவிழா அழைப்பு, கல்யாணப் பத்திரிகை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கான்வென்ட்டின் கேள்வித்தாள்கள். அறிவியல் தாளில் தவளை, இதயம், செம்பருத்திப் பூவின் குறுக்கு வெட்டு எல்லாவற்றையும் அவளே மவுஸைப் பிடித்து இழுத்து இழுத்து வரைந்துவிடுவாள். இந்தியப் படம் வரைய மட்டும் இரண்டு நாள் ஆனது. குஜராத் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

பின்னாலிருந்து யாரும் "டைப்பிஸ்ட்!" என்று கூப்பிடாத மூன்று வருடம் அது. அவளுக்கு அது பிடித்திருந்தது. தோன்றினால் எழுந்து போய்க் கீரைக்குத் தண்ணீர் விடுவாள். தோன்றாவிட்டால் மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு.

தொண்ணூற்றெட்டு டிசம்பரில் கான்வென்ட் சிஸ்டர் அரையாண்டுத் தேர்வுக்குப் பத்தொன்பது கேள்வித்தாள்களை அனுப்பினார். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் வேண்டும் என்று கூடவே ஒரு சீட்டு. போன தடவை இரண்டு நாள் தாமதம். அதனால் இந்தத் தடவை சீட்டின் அடியில் ஒரு வரி அதிகமாக இருந்தது. "முடியாதென்றால் சொல்லிவிடுங்கள், சேலத்தில் கொடுத்துக்கொள்கிறோம்."

அவள் விரல்களுக்கு முடியும். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை அடித்துப் பரீட்சை தேறிய விரல்கள். மெஷினுக்குத்தான் முடியவில்லை. அவள் ஒரு வரியை முழுசாக அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், பேர் கூப்பிட்ட பிறகு எஸ்டேட் ஆட்கள் ஒவ்வொருவராகக் குளிருக்கு முக்காடு போட்டுக்கொண்டு வருவதுபோல, எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. சேமிக்கச் சொன்னால் மணல் கடிகாரம் வந்தது. வந்தால் போவதில்லை. சனிக்கிழமை தொடங்கி, திங்கள் சாயங்காலம் வரைக்கும் முடிந்தது மூன்றே மூன்று தாள்.

இதை ஆர்வமாகக் கவனித்துக்கொண்டிருந்த ஒருவர் உண்டு. மரியஜோசப்பின் அண்ணன் செபஸ்தியான். ஏரிக்குப் போகிற வழியில் பன்னிரண்டு ரூம் லாட்ஜ் வைத்திருப்பவர். அவருடைய ரிசப்ஷனில் எந்தப் பெண்ணும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. நாற்காலிக்குப் பின்னாலேயே இன்னொரு நாற்காலி போட்டு அவரும் உட்கார்ந்திருப்பார். "சாவி எண்ணுனியா? பேனா மூடுனியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பதில் வந்ததும் இன்னொரு தடவை கேட்பார்.

"மேரி, அந்தப் பொட்டிய வித்துப்போட்டு நம்ம லாட்ஜுல வந்து உக்காரு. கிறிஸ்மஸ் சீசன் வருது" என்று ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். குடும்பத்தில் மூத்தவர், மூஞ்சியில் அடித்த மாதிரி முடியாதென்று சொல்லவும் முடியாது. "கான்வென்ட் வேல இருக்குதுங்க மாமா. அது போச்சுன்னா வாரனுங்க" என்று சொல்லித் தப்பித்து வைத்திருந்தாள். அந்த வார்த்தை இப்போது கழுத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. திங்கட்கிழமை வந்தவர் திரையை எட்டிப் பார்த்தார்; மணல் கடிகாரத்தையும் பார்த்தார்.

"இன்னும் பதினாறு இருக்குதாம்மா?" என்றார் மிகுந்த அனுதாபத்தோடு. "செரி, வியாழக்கெழம சாயங்காலம் வாரேன். நல்ல சேர் ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கறேன்."

அவர் தலை மறைந்ததும் மரியஜோசப் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"ஏங்க, அதத் தொடாதீங்க."

"நீ சும்மாரு. வண்டி இழுக்கலைன்னா மூணே காரணந்தான். குளிரு, அடப்பு, பாரம். காலையில ஜீப்பு சுடாம எடுக்குதா? இது பாவம், சன்னலோரத்துல ஒக்காந்து பனியில நனையுது."

ஏற்காட்டில் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் துணி அலமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க நாற்பது வாட் பல்பு ஒன்றை எரியவிடுவது வழக்கம். அலமாரிக்குள் இருந்த அந்தப் பல்பை ஒயரோடு கழற்றி வந்து கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். ஒரு மணி நேரத்தில் பெட்டியின் மேல் சூடு பறந்தது. பூனை வந்து அதன்மேல் படுத்துக்கொண்டது. எழுத்துகள் முன்னைக்கும் மெதுவாக வந்தன. அலமாரியில் அவருடைய கோட்டு மட்டும் நாற ஆரம்பித்தது.

அடுத்தது அடைப்பு. ஜீப் டயருக்குக் காற்றடிக்கும் கால் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டி மூடியைக் கழற்றி, சாந்தாமேரி கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்ல, நாலு மிதி மிதித்தார். மூன்று வருடத் தூசியும் பூனை முடியும் ஒரு செத்த கரப்பானும் வெளியே வந்தன.

"பாத்தியா! கார்புரேட்டர்ல இவ்வளவு கசடு இருந்தா வண்டி எப்பிடி ஓடும்?"

மூடியை மாட்டி ஸ்விட்சைப் போட்டார்கள். பெட்டி சுத்தமாக இருந்தது. வேகம் அப்படியே இருந்தது. "அப்ப பாரந்தான்" என்றார் மரியஜோசப். சொல்லிவிட்டுப் பெட்டியின் மேல் இருந்த மாதா சுரூபத்தை எடுத்துக் கீழே வைத்துப் பார்த்தார். அதுவும் இல்லை.

செவ்வாய் காலையில் சாந்தாமேரி எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். சரிவிறங்கிச் சாலைக்கு வந்ததும் இருப்பது; ஜரீனாவுடையது. மூன்று தலைமுறையாக ஏற்காட்டில் கடை வைத்திருக்கும் குடும்பம். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசினால் ரகசியமென்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். கூண்டுக்கு மேல் கூரை கிடையாது என்பதை உள்ளூர்க்காரர்கள் அறிவார்கள்.

மறுமுனையில் மாரியப்பன் எடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பல்பு விஷயத்தில் மட்டும் குறுக்கே வந்தார்.

"அத மொதல்ல கழட்டுங்க மேடம். மெமரி வெந்து போயிரும். செரி, சி டிரைவுல எவ்வளவு எடம் காலியா இருக்குதுங்க?"

"தெரியலீங்களே."

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. மை கம்ப்யூட்டர்னு போட்டிருக்குமில்ல, அதத் தொறந்து..."

அவள் மேடேறிப் போனாள். பல்பைக் கழற்றினாள். கம்ப்யூட்டர் தயாராகிற வரைக்கும் நின்றாள். திரும்ப இறங்கி வந்தபோது முக்கால் மணி ஆகியிருந்தது. மூச்சு வாங்கியது.

"நாலுங்க."

"நாலு பர்சென்ட்டா?"

"இல்லீங்க. நாலு எம்.பி."

"மேடம், மொத்தம் நானூத்தி இருவதுல நாலா? அது மூச்சு உடறதுக்கே நாப்பது அம்பது வேணுமுங்க. ஊட்டுக்குள்ள கால் வெக்க எடமில்லாம அது எப்பிடிங்க வேல செய்யும்? அப்பிடி என்னதாங்க வெச்சிருக்கறீங்க?"

"அடிச்சதெல்லாந்தானுங்க."

"அதான், என்னென்ன?"

சாந்தாமேரி சொன்னாள். அதைச் சொல்வதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எஸ்டேட் ஆபீஸில் எந்தக் கடிதமும் மூன்று தாளாகத்தான் மெஷினில் ஏறும், நடுவே இரண்டு கார்பனோடு. முதல் தாள் போகவேண்டிய இடத்துக்கு. இரண்டாவது, இளஞ்சிவப்பு, மேனேஜருடைய தட்டுக்கு. மூன்றாவது, மஞ்சள், ஃபைலுக்கு. அந்த ஒழுங்கை அவள் கம்ப்யூட்டரிலும் விடவில்லை. ஒவ்வொன்றையும் மூன்று தடவை, மூன்று பெயரில், ஃபோல்டர் என்கிற மூன்று அறையில் சேமித்து வைத்திருந்தாள். தவளை மூன்று, இதயம் மூன்று, இந்தியாவும் மூன்று. கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையார்கள் மட்டும் நூற்றுக்கு மேல் இருப்பார்கள்.

போனுக்குள் மாரியப்பன் சிரித்தார். நல்ல மனிதர்தான், அடக்கத்தான் பார்த்தார். வெளியே ஜரீனாவும் சிரித்துவிட்டாள்.

"படமெல்லாம் நெறைய எடம் புடிக்குமுங்க மேடம். எழுத்துன்னாக்கூடப் பரவால்ல. ஒண்ண வெச்சுட்டு மத்த ரெண்டையும் அழிச்சிருங்க. அழிச்சுட்டு, டிஃப்ராக்னு ஒண்ணு இருக்குது, செதறிக் கெடக்கறத அடுக்கி வெக்கும், அத ஓட விடுங்க. எதுக்கும் எழுதிக்கங்க."

"அழிக்கறதா?" என்றாள் சாந்தாமேரி.

"ஏக்கா," என்றாள் ஜரீனா, அவள் கூண்டைவிட்டு வெளியே வந்ததும். "என்ற கல்யாணப் பத்திரிகைகூட மூணு வெச்சிருக்கறியா?"

"ஒன்ற தங்கச்சியோடதும் இருக்குது."

"அவதான் அந்த ஆளு வேண்டாம்னு வந்துட்டாளே! மூணையும் அழிச்சுப்போடு மொதல்ல."

வீட்டுக்கு வந்து அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். கை போகவில்லை. அது வெறும் பழக்கமில்லை. எழுபத்தைந்தில், முதலாளிக்குப் போகவேண்டிய ஒரு முக்கியமான கடிதம் போய்ச் சேரவில்லை என்று பெரிய ரகளை. "டைப்பிஸ்ட் அடிக்கவே இல்லை" என்று மேனேஜர் எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய தட்டில் இருந்த இளஞ்சிவப்புத் தாளும் காணோம். வேலை போகிற நிலைமை. மகளுக்கு அப்போது ஒரு வயது. சாந்தாமேரி அலமாரியைத் திறந்து, பெட்டி ஃபைலிலிருந்து மஞ்சள் தாளை உருவிக்கொண்டுவந்து வைத்தாள். மேனேஜருடைய கையெழுத்தோடு இருந்தது. அதன்பிறகு அந்த ஆபீஸில் அவளிடம் யாரும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அந்த மஞ்சள் தாளைத்தான் இப்போது ஒருத்தர் போனில் சிரித்துக்கொண்டே அழிக்கச் சொல்கிறார்.

மத்தியானம் சாப்பிட வந்த மரியஜோசப், சோறு எடுத்து வைக்கப்படாததையும் அவள் மூஞ்சியையும் பார்த்துவிட்டு, தானே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்ததும் கொஞ்சம் யோசித்தார்.

"நாஞ் சொல்லல? பாரந்தான். சொரூபத்த எறக்குனேனே, உள்ளார இருக்கறத எறக்கோணுமுன்னு தோணாமப் போச்சு."

"ஏங்க, வெளையாடாதீங்க. ஒரு காப்பி காணாமப் போச்சுன்னா?"

"இன்னொண்ணு இருக்குதில்ல? ஏம்புள்ள, வண்டியில ஸ்டெப்னி எத்தன வெக்கறோம்?"

"ஒண்ணு."

"ஏன் ஒண்ணு? ரெண்டு டயரு ஒரே நேரத்துல வெடிக்காதா? வெடிக்கும். எனக்கே ஒருக்கா வெடிச்சுது, வாழவந்தி ரோட்டுல. அதுக்குன்னு ரெண்டு ஸ்டெப்னி கட்டிக்கிட்டு இருவது கொண்ட ஊசி வளைவும் ஏறுனா வண்டி சேலத்துலயேதான் நிக்கும். ஒண்ணு வேணும். ரெண்டாவது பயம்." ரசத்தைக் குடித்துவிட்டு, "இந்த ரசத்துல உப்பில்ல" என்றும் சொன்னார்.

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்தது. மாரியப்பன் இரண்டை அழிக்கச் சொன்னார். அவள் ஒன்றை அழிப்பது என்று முடிவு செய்தாள். முதலில் கல்யாணப் பத்திரிகைகள். மூன்றாவது அறையைத் திறந்து, ஒவ்வொரு மாப்பிள்ளை பெண்ணாகத் தேர்ந்தெடுத்து, அழி, அழி என்றாள். ஒவ்வொரு தடவையும் "நிச்சயமாகவா?" என்று மெஷின் ஆங்கிலத்தில் கேட்டது. அதற்கும் பயம்தான் போல என்று நினைத்துக்கொண்டாள். ஜரீனா கேட்டபடி அவள் தங்கையின் பத்திரிகையை மூன்று இடத்திலிருந்தும் எடுத்தாள்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், காலி இடம் அதே நாலு.

மறுபடியும் இறக்கம், மறுபடியும் கூண்டு.

"ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ணுனீங்களா?" என்றார் மாரியப்பன்.

"அதுல இருக்கறதப் பாத்தனுங்க. எல்லாம் பத்தரமா இருக்குதுங்க."

"பத்தரமா இருக்கக் கூடாதுங்க மேடம்! அது குப்பத்தொட்டி. ஊட்டுக்குள்ளயேதான இருக்குது அந்தத் தொட்டி? வெளிய கொண்டு போய்க் கொட்டோணும்."

சாந்தாமேரி போனை வைத்தாள். எஸ்டேட்டில் அவள் காலடிக் குப்பைக்கூடையைச் சனிக்கிழமைதான் காலி செய்வார்கள். அதற்கு முன் அவளே ஒரு தடவை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் விடுவாள். வீட்டுக்கு வந்தவள் இந்தக் கூடையையும் திறந்து மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை வாசித்தாள். கூடையில் ஏதும் தவறி விழுந்திருக்கவில்லை. அதற்குமேல் சாக்கு இல்லை. சிலுவை போட்டுக்கொண்டு, அழுத்தினாள்.

காகிதம் கிழிகிற சத்தம் மாதிரி ஒன்று ஸ்பீக்கரிலிருந்து வந்தது. அதை வைத்தவன் யாரென்று தெரியவில்லை, இரக்கமில்லாதவன். ஆனால் இடம் நாற்பதைத் தாண்டியிருந்தது. அதன்பிறகு கை தயங்கவில்லை. தவளை, இதயம், திருவிழா, கூட்ட நோட்டீஸ் என்று மூன்றாவது அறை முழுவதையும் வழித்தெடுத்துக் கூடையையும் கொட்டினாள். காலி இடம் எண்பத்தைந்து.

புதன் காலையில் டிஃப்ராக். நடுவில் கரண்ட் போகக் கூடாதென்று மாரியப்பன் எச்சரித்திருந்தார். பனிக்காலத்தில் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பியில் விழாத நாள் அபூர்வம். மரியஜோசப் விடிந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் லைன்மேனைப் பிடித்தார். திரும்பி வந்து, "இன்னிக்கு நாகலூர் பக்கந்தான் கெள வெட்டறாங்களாம். நம்மூட்டுப் பக்கம் நாளைக்கு ரெண்டு மணிக்கு மேல. கரண்ட நிறுத்தாதீங்க, என்ற சம்சாரத்துக்கு ஆப்பரேசன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார்.

"எனக்கா? என்ன ஆப்பரேசன்?"

"அது கேக்கலியே அவன்."

திரையில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தன. சிதறிக் கிடந்தவை ஒவ்வொன்றாக எழுந்து இடம் மாறிப் போய் வரிசையில் உட்கார்ந்தன. வேலைக்குப் போகவேண்டிய மரியஜோசப் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சாந்தாமேரி கீரையை மடியில் வைத்துக்கொண்டு ஆய்ந்தாள். ஒன்றரை மணி நேரம் இருவரும் அதைப் பார்த்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்தாற்போல் சண்டை போடாமல் எதையும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"அந்த மூலையில ஒரு கட்டம் நகராம நிக்குது பாரு. எங்கண்ணனாட்டம்" என்றார் அவர்.

முடிந்தது. மெஷினை அணைத்து மறுபடி போட்டாள். அடுப்படிப் பக்கம் இரண்டடி வைத்தவள், சத்தம் கேட்டுத் திரும்பினாள். மேகம் வந்து, போயும் விட்டிருந்தது. திரை தயாராக நின்றது. இதுவரைக்கும் தான் மெஷினுக்காகக் காத்திருந்த மாதிரி இப்போது அது தனக்காகக் காத்திருப்பதைப் பார்த்து, ஏனோ சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு போய் உட்கார்ந்தாள்.

விரல்கள் ஓடின. எழுத்துகள் கூடவே ஓடின. அன்று சாயங்காலத்துக்குள் பத்துத் தாள். மறுநாள் காலை பதினொன்றுக்குக் கடைசித் தாளும் பிரிண்டரிலிருந்து கிறீச்சிட்டுக்கொண்டே இறங்கியது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவைதான் சேமித்தாள். மூன்றாவது தடவைக்குக் கை தானாக எழுந்தது. மேஜையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பத்தொன்பது தாளையும் உரையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் கான்வென்ட்டுக்குப் போனாள். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் தாளை உருவி, தவளையைப் பார்த்தார். "நீங்களே வரைஞ்சதா?" என்றார். பிறகு, ஆண்டு விழா மலர் அறுபது பக்கம் வரும், ஜனவரியில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முடியுமென்றாள். படங்கள் நிறைய இருக்குமா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம், சொன்னபடி செபஸ்தியான் வந்தார். ஷூவை வாசலில் கழற்றும்போதே ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டார். "போனாப் போகுது உடு மேரி. அந்தப் புது சேர் மெத்து மெத்துன்னு..."

"குடுத்துட்டனுங்க மாமா. பத்தொம்பதும். சனவரிக்கு வேற வேலயும் குடுத்திருக்கறாங்க."

அவர் நின்றார். தம்பியைப் பார்த்தார். தம்பி மும்முரமாகக் கால் பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப லாட்ஜுக்கு?"

"எப்பிடிங்க மாமா வாரது?"

செபஸ்தியான் உட்கார்ந்தார். டீ வந்தது. குடித்தார். நியாயமானவர்தான், கோபமெல்லாம் வரவில்லை. கவலை மட்டும் வந்தது. "இருவதாந்தேதிக்கு எல்லா ரூமும் புக்கிங் ஆயிருக்குது. இப்ப நான் ஆளுக்கு எங்க போறது? நோட்டீஸ் அடிச்சு ஒட்டுனாத்தான் உண்டு" என்றார். சொன்ன பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதன்பிறகு அவளைப் பார்த்தார்.

சாந்தாமேரி டம்ளரை வாங்கி வைத்துவிட்டுப் போய் மேஜையில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க மாமா."

"ரிசப்ஷனுக்குப் பெண் ஆள் தேவை. போட்டுட்டியா?"

"போட்டுட்டனுங்க."

"பொறுமைசாலியா இருக்கோணும்."

"போட்டுட்டனுங்க."

"பொறுமைன்னு போட்டுட்டியா?" என்றார் அவர் இரண்டாம் தடவை, நாற்காலியை அவள் முதுகுக்குப் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டே.

"பெருசா, தடியான எழுத்துல போட்டிருக்கறனுங்க மாமா" என்றாள் சாந்தாமேரி.